கஞ்சி வழியாகப் போர்த்துகீசு: மொழிபெயர்ப்பு எங்கே சறுக்கியது என்று தேடும் முறை

போன ஆடியில் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் ஊறுகாய்க்காரத் தம்பி வந்து, லேபிள் கட்டு ஒன்றை என் மேஜை மேல் வைத்தார். "அக்கா, லிஸ்பன்ல ஒருத்தர் வாங்குறேன்னு சொன்னார், மாதிரி பாட்டில் அனுப்பினேன். லேபிளை போட்டோ எடுத்து எனக்கே திருப்பி அனுப்பி, சிரிக்கிற பொம்மையா போட்டிருக்கார். என்ன தப்புன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார்."

மாவடு பாட்டில். ஆங்கிலத்தில் 'ப்ரிசர்வேட்டிவ் சேர்க்கவில்லை' என்று ஒரு வரி. அதற்குக் கீழே போர்த்துகீசில் 'செம் ப்ரெசெர்வத்தீவுஸ்' என்று அச்சாகியிருந்தது. ப்ரெசெர்வத்தீவு என்றால் அங்கே ஆணுறை. ஆணுறை இல்லாத மாவடு என்று இரண்டாயிரம் லேபிள் அடித்து வைத்திருக்கிறார் மனிதர். உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சரக்குக்குச் சொல் 'கொன்செர்வான்த்'. ஒரே ஒரு சொல்தான் மாற்றம். லேபிள் மொத்தமும் பழைய பேப்பர் கடைக்குப் போனது.

நான் ஏழு வருஷம், போர்த்துகீசு ஆட்சிமொழியாக உள்ள மொசாம்பிக்கில், மாப்புட்டோவில், ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதினேன். இப்போது மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்க்கிறேன். லேபிள், வியாபாரக் கடிதம், விடுதிப் பலகை, எப்போதாவது ஒரு மருத்துவச் சீட்டு. என்னிடம் வருவதில் பாதி, ஆங்கிலத்திலிருந்து யாரோ ஏற்கெனவே மாற்றிக் கெடுத்தது. பம்புசெட் தண்ணீர் இறைக்காவிட்டால் முதலில் கரண்ட், அப்புறம் ஃபுட்வால்வு என்று வரிசையாகப் பார்ப்போமே, அப்படித்தான் இதையும் பார்க்கிறேன். படித்தவர் முகம் எப்படிப் போனது என்பதிலிருந்து தொடங்குவேன்.

இந்த வேலையில் என் கைமருந்து ஒன்று உண்டு. ஆங்கில வாக்கியத்தை எடுத்ததும் போர்த்துகீசுக்கு ஓடமாட்டேன். நம் வீட்டில் அதை எப்படிச் சொல்வோம் என்று தமிழில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். சுற்றுவழி மாதிரிதான் தெரியும். ஆனால் பல இடங்களில் தமிழிலிருந்து போர்த்துகீசுக்கு ஆங்கிலத்தைவிடக் கிட்டத்தில் பாதை இருக்கிறது. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கீழே சொல்கிறேன். போர்த்துகீசு ஒலியைத் தமிழில் தோராயமாக எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலுக்கு அகராதியைப் பாருங்கள்.

அறிகுறி: படித்தவர் சிரிக்கிறார், காரணம் சொல்லக் கூச்சப்படுகிறார்

ஜாடை ஒத்த சொல்லில் விழுந்திருக்கிறீர்கள். ஆங்கிலமும் போர்த்துகீசும் லத்தீன் சரக்கை நிறையப் பங்கு போட்டுக்கொண்டவை. ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடிவதை 'ஸாங்' என்று முடித்தால் பெரும்பாலும் சரியாகவே வரும். நேஷன், நஸாங். ஸ்டேஷன், எஷ்தஸாங். பத்துச் சொல் இப்படிச் சரியாக வந்துவிட்டால் பதினொன்றாவதை யாரும் சோதிப்பதில்லை. அங்கேதான் குழி.

நான் விழுந்த குழி கதவில் இருந்தது. மாப்புட்டோ போன முதல் வாரம், ஒரு வங்கிக் கதவில் நான்கெழுத்துப் பலகை. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'புஷ்'. நானும் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை. காவலாளி உள்ளேயிருந்து கையை ஆட்டி, "புஷ், சின்யோரா, புஷ்!" என்றார். இன்னும் பலமாகத் தள்ளினேன். போர்த்துகீசில் 'புஷ்' என்றால் இழுங்கள். தள்ளுங்கள் என்பதற்கு 'எம்பூர்ரெ'. அவர் சொன்னதைத்தான் நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்தாரோ.

அடிக்கடி என் கண்ணில் படுகிறவை இவை. 'பேரண்ட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து 'பரெந்த்ஸ்' என்று போட்டால் சொந்தக்காரர்கள் என்று ஆகும், பெற்றோருக்கு 'பைஷ்'. நூலகத்துக்கு 'லிவ்ரரீய' போட்டால் புத்தகக் கடை, நூலகம் 'பிப்லியொதேக'. நடிப்பது, பாசாங்கு செய்வது என்பதற்கு 'ப்ரெதெந்தேர்' போட்டால் உத்தேசிப்பது என்று பொருள், பாசாங்குக்கு 'ஃபிஞ்சீர்'. 'உண்மையில்' என்று ஆங்கிலக்காரர் வாய்க்கு வாய் சொல்வதை 'அத்துவல்மெந்த்' ஆக்கினால் 'தற்போது' என்று மாறி, போன வருஷக் கதையெல்லாம் இன்றைக்கு நடக்கும். சமையலைப் புகழ 'எக்ஸ்க்விசிட்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒருவர் 'எஷ்கிசீது' என்று மாற்றியிருந்தார். சாப்பாடு ஒரு தினுசாக இருந்தது என்று அர்த்தம். சமைத்தவர் படிக்கவில்லை, தப்பித்தார்.

மருத்துவச் சீட்டில் மட்டும் சிரிக்க முடியாது. போர்த்துகலில் 'கொன்ஷ்திபாது' என்றால் சளி பிடித்திருக்கிறது. மலச்சிக்கல் என்று ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே அந்தச் சொல்லாக்கினால் மருந்து வேறு திசைக்குப் போகும். மலச்சிக்கலுக்கு 'ப்ரிஸாங் த வெந்த்ர'. சொல்லுக்குச் சொல் வயிற்றுச் சிறை.

சரிசெய்வது எளிது. மொழிபெயர்ப்பில் ஆங்கிலச் சொல்லின் ஜாடை தெரிகிற ஒவ்வொரு சொல்லையும் வட்டம் போடுங்கள். வட்டம் போட்டதைப் போர்த்துகீசிலிருந்து ஆங்கிலத்துக்கு, தலைகீழாக, அகராதியில் தேடுங்கள். புறப்பட்ட சொல்லே முதல் பொருளாகத் திரும்பி வந்தால் விடுங்கள். மூன்றாவது, நான்காவது பொருளாக வந்தால் மாற்றுங்கள்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் "எந்த நாய்? எந்தப் பூனை?" என்று கேள்வி வருகிறது

மரபுத்தொடரைப் பெயர்த்து நட்டிருக்கிறீர்கள், வேர் பிடிக்கவில்லை. இந்த நோய்க்குத்தான் தமிழ் வழி நன்றாகக் கேட்கும். ஆங்கிலம் காட்டும் படத்தைக் கையால் மூடிவிட்டு, அத்தை இதை எப்படிச் சொல்லுவாள் என்று கேளுங்கள். அத்தை சொல்வது படமாகவே இருக்கவேண்டும் என்றில்லை. அப்புறம் லிஸ்பனில் ஓர் அத்தை இதையே எப்படிச் சொல்லுவாள் என்று தேடுங்கள்.

நாயும் பூனையுமாக மழை என்று ஆங்கிலம். நமக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். போர்த்துகலில் 'ஷோவ் அ காந்தருஸ்': குடம் குடமாகக் கொட்டும். காந்தரு என்பது தண்ணீர் மொள்ளும் குடம். கை காலை விற்று வாங்கும் விலை ஆங்கிலத்தில்; நமக்கு அது யானை விலை குதிரை விலை; அவர்களுக்கு 'உஸ் ஓல்யுஸ் த கார', முகத்திலுள்ள கண்களையே கேட்கும் விலை. ஒரே கல்லில் ஆங்கிலக்காரர் இரண்டு பறவையும் நாம் இரண்டு மாங்காயும் அடிப்போம். போர்த்துகீசுக்காரர் கல்லே எடுப்பதில்லை. ஒரே தடியடியில் இரண்டு முயல்.

சில நேரம் மூன்றும் ஒரே வீட்டுக்குள் நிற்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நமக்கு ஒரு பழமொழி. ஆங்கிலத்திலும் போர்த்துகீசிலும் மாட்டுக்குப் பதில் குதிரை, பல் அதே பல். இப்படி வந்தால் நேராகப் பெயர்த்துவிட்டுப் போகலாம், மெனக்கெட வேண்டாம்.

'கேக் துண்டு மாதிரி எளிது' என்ற ஆங்கிலத் தொடருக்கு வருவோம். இதை ஒருவர் கேக்காகவே வைத்து, ஒரு கணினிப் பயிற்சிக் கையேட்டில், 'இந்த மென்பொருளை நிறுவுவது ஒரு துண்டு கேக்' என்று அச்சுக்கு அனுப்ப இருந்தார். போர்த்துகீசில் இதற்கு 'எ கான்ஜ' என்றால் போதும். கான்ஜ என்பது கோழியும் அரிசியும் போட்டுக் குழைய வேகவைத்த கஞ்சி. காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பது, மெல்ல வேண்டியதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும். சொல்லும் நம்முடைய கஞ்சியேதான். மேற்குக் கரையில் கேட்டுக்கொண்டு கப்பலில் ஏற்றிப் போனார்கள். 1563இல் கோவாவில் அச்சான தன் நூலில் போர்த்துகீசு மருத்துவர் கார்சியா தெ ஓர்த்தா, மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குக் கொடுக்கும் அரிசித்தண்ணீரைச் சொல்லி, அதைக் 'கான்ஜெ' என்றே எழுதியிருக்கிறார். நம் பாட்டி வைத்தியம் நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் நோட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

மாப்புட்டோ கடையில் முதல் மாதக் கணக்கை முடித்துவிட்டு, கஷ்டமாக இருந்ததா என்று முதலாளியம்மா கேட்க, பக்கத்திலிருந்த பையன் எனக்காக முந்திக்கொண்டு "எ கான்ஜ!" என்றான். மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறான் என்று நினைத்து, எனக்கு வேண்டாம் என்றேன்.

பொறி இங்கேயும் உண்டு. நமக்குக் கஞ்சி என்றால் வறுமையும் கூடவே வரும்: கஞ்சிக்கு வழியில்லை, கஞ்சி ஊற்றுகிறவன். போர்த்துகீசுக் கான்ஜவுக்கு அந்த வாடை கிடையாது. அதனால் 'கஞ்சிக்கு வழியில்லை' என்பதைக் கான்ஜ வைத்துச் சொன்னால் கோழி சூப்பு கிடைக்கவில்லை என்று குறைப்படுவதாகத்தான் ஆகும். பிரேசிலில் இன்னொன்று: 'கான்ஜ கொடுப்பது' என்றால், கேட்க வந்த பாடகரை மேடைக்கு அழைக்க, அவர் காசு வாங்காமல் ஒரு பாட்டு பாடிவிட்டு இறங்குவது. திருவையாற்றில் தை மாதம் நடப்பதை ஒரு பிரேசில்காரருக்கு விளக்க இந்தத் தொடர் கொஞ்சம் உதவும், முழுக்க உதவாது.

தமிழ் வழியே ஆளைக் கவிழ்க்கும் இடமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒருவர் காலை இழுப்பது கேலி, விளையாட்டு. நமக்குக் காலை வாருவதில் கேலியும் உண்டு, துரோகமும் உண்டு. 'கூட்டாளி என் காலை இழுக்கிறார்' என்ற ஆங்கில வரியைத் தமிழில் 'காலை வாரிவிட்டார்' என்று நினைத்துக்கொண்டு, அங்கிருந்து போர்த்துகீசில் 'வஞ்சித்துவிட்டார்' என்று ஒருவர் எழுதினார். விளையாட்டுப் பேச்சு கோர்ட்டுப் பேச்சாகிவிட்டது. வீட்டுத் தமிழுக்குப் போகும்போது தொடர் தொடராகவே கிடைத்தால் ஒரு கணம் நில்லுங்கள். பொருளைச் சாதாரணமாக ஒரு வரியில் எழுதிப் பார்த்து, அதிலிருந்து கிளம்புங்கள். இந்த இடத்தில் 'ப்ரிங்கார்', விளையாடுவது, போதும். இரண்டு நாட்டிலும் பத்திரமான சொல்.

சாவு பற்றிய தொடரில் மரியாதையைப் பாருங்கள். வாளியை உதைப்பது ஆங்கிலத்தில், பூட்ஸைத் தட்டுவது போர்த்துகீசில் ('பதேர் அஸ் போதஸ்'), மண்டையைப் போடுவது நமக்கு. மூன்றும் ஒரே தட்டு. மூன்றையும் இரங்கல் கடிதத்தில் எழுத முடியாது. அங்கே 'ஃபலெசேர்', காலமாதல்.

தஞ்சாவூரிலிருந்து லிஸ்பன் போகிற நாட்டியக் குழுவுக்கு வாழ்த்து அனுப்பக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் மேடையேறுபவரைக் 'காலை உடைத்துக்கொள்' என்று வாழ்த்துவார்கள். போர்த்துகீசு நாடகக்காரர்கள் தங்களுக்குள் 'மெர்த' என்பார்கள்: மலம். பொருத்தமான மொழிபெயர்ப்புதான். ஆனால் குழுவில் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் இருந்ததால் 'போவ சோர்த்', நல்லதிர்ஷ்டம், என்று எழுதிக் கொடுத்தேன். சரியான சொல்லைத் தெரிந்துகொண்டே விட்டுவிடுவதும் இந்தத் தொழிலில் சேர்த்தி.

பன்றி பறக்கும்போது நடக்கும் என்று ஆங்கிலம் எதைச் சொல்கிறதோ, அது போர்த்துகலில் கோழிக்குப் பல் முளைக்கும்போது நடக்கும். பிரேசிலில் மாடு இருமினாலும் நடக்காது. நாம் 'நடந்த மாதிரிதான்' என்று ஓர் இழுவையில் முடித்துவிடுவோம்.

மூன்றாம் மொழி வழியாகப் போனால் கெட்டுப்போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கெட்டும் போகும். 1855இல் பாரிஸில் ஒரு போர்த்துகீசு–ஆங்கில உரையாடல் கையேடு வந்தது. அதைத் தொகுத்தவருக்கு ஆங்கிலமே தெரியாது, பிரெஞ்சு வழி அகராதியை வைத்தே ஒப்பேற்றினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். நெடுநேரம் காத்துக்கிடப்பதைக் குறிக்கும் ஒரு பிரெஞ்சுத் தொடர் அதில் 'குட்டிக் குரங்கை நறநறவென்று கடிப்பது' என்று ஆங்கிலமாகியிருக்கிறது. அவர் அகராதி வழியாகப் போனார். நான் சொல்வது அத்தை வழியாக.

அறிகுறி: 'நான் பசியாகிறேன்', 'நான் ஐம்பது வருடங்கள் ஆவேன்' என்ற ரீதியில் வாக்கியம் நிற்கிறது

ஆங்கிலத்தின் 'ஆம்', 'இஸ்' போர்த்துகீசில் 'சேர்' என்றும் 'எஷ்தார்' என்றும் இரண்டாகப் பிரியும். பசி, தாகம், வயது என்று வந்தால் இரண்டும் விலகி, 'வைத்திருத்தல்' என்ற பொருளுள்ள 'தேர்' வந்து நிற்கும். ஆங்கில வழியாகப் படித்தவர்கள் இங்கேதான் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். தமிழ்க்காரருக்கு இது சிரமமே இல்லை. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

'எனக்கு' என்று தொடங்கும் உடம்பு சமாச்சாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பசி: 'தென்யு ஃபோம்'. எனக்குத் தாகம்: 'தென்யு செத்'. எனக்குப் பயம்: 'தென்யு மேது'. எனக்குத் தூக்கம்: 'தென்யு சோனு'. எனக்கு வயது இத்தனை: 'தென்யு' இத்தனை வருஷம். நாம் 'எனக்கு' போடும் இடத்தில் அவர்கள் 'தென்யு' போடுகிறார்கள். தலைவலி இன்னும் அழகு. போர்த்துகலில் 'தொய்ம அ கபேஸ': வலிக்கிறது, எனக்கு, தலை. தமிழ் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டதுதான்.

விதி எங்கே அறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தெரியும்' இரண்டிலும் போர்த்துகீசுக்காரர் 'நான்' என்று தொடங்குவார். தெரியும் என்பது அங்கே இரண்டு சொல்லாகவும் உடைகிறது. நீச்சல் தெரியும், விடை தெரியும் என்றால் 'சபேர்'. அவரைத் தெரியும், சிதம்பரம் தெரியும் என்றால் 'கொன்யெசேர்'. பழக்கமா என்று கேட்டுப் பாருங்கள். பழக்கம் என்றால் இரண்டாவது.

சேர், எஷ்தார் இரண்டையும் பிரிக்க என்னிடம் ஒரு வீட்டுச் சோதனை. தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடிகிறதா? அப்படியானால் பெரும்பாலும் சேர். அவர் வாத்தியார். இது மரம். 'இருக்கிறது' இல்லாமல் முடியவில்லையா? பெரும்பாலும் எஷ்தார். காபி சூடாக இருக்கிறது. அம்மா களைப்பாக இருக்கிறாள். மாங்காயை வைத்து விளக்கினால் சட்டென்று பிடிபடும். 'அ மங்க எ வெர்த்' என்றால் அந்த ரகமே பச்சை நிறம். 'அ மங்க எஷ்தா வெர்த்' என்றால் இன்னும் காயாக இருக்கிறது, பழுக்கவில்லை. ஊறுகாய் லேபிளில் இந்த ஒற்றை வினை சரக்கையே மாற்றிவிடும். மங்க என்ற சொல்லும் இந்தப் பக்கத்து மாங்காயிலிருந்து போனதுதான். சட்டைக் கைக்கும் அவர்களிடம் அதே சொல்.

கட்டடமும் ஊரும் இந்தச் சோதனையில் தேறாது. பெரிய கோயில் தஞ்சாவூரில் இருக்கிறது என்பதற்கு எஷ்தார் போடாதீர்கள்; இடம் பெயராதவற்றுக்கு 'ஃபிக்கார்'. செத்தவரோ மாறாத நிலையில் இருந்தும் எஷ்தாரில்தான் இருக்கிறார்: 'எஷ்தா மோர்து'. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அவரையும் கேட்க முடியாது.

அறிகுறி: பிழை ஒன்றும் இல்லை, பதில் கடிதம் மட்டும் விறைப்பாக வருகிறது

ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ'வை வைத்துக்கொண்டு மரியாதையைக் கோட்டைவிட்டிருக்கிறீர்கள். நமக்கு நீ, நீங்கள் இருப்பது போல அங்கே 'தூ' நெருக்கத்துக்கு, 'உ சின்யோர்', 'அ சின்யோர' மரியாதைக்கு. நடுவில் 'வொசே'. பிரேசிலில் வொசே அன்றாடச் சொல். போர்த்துகலில் பெரியவரிடம் சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். அங்கே பழகிய வழி, ஆளின் பெயரையோ பட்டத்தையோ எழுவாயாக வைப்பது: 'டாக்டரம்மா காபி சாப்பிடுகிறாரா?' என்று அவரிடமே கேட்பது. "மாமா எப்ப வந்தீங்க", "அக்கா சாப்பிட்டீங்களா" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தை நடுவில் வைத்தால்தான் இது தொலைகிறது.

பலகைகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். காலணியைக் கழற்றவும் என்பதற்கு 'தீர உஸ் சபாதுஸ்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அது 'செருப்பைக் கழட்டு'. 'தீரெ' என்று கடைசி உயிரெழுத்து ஒன்றை மாற்றினால் 'கழற்றுங்கள்'. சபாது என்பது யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்லும் சப்பாத்தேதான்.

நன்றியும் இதே வார்டு. ஆண் சொன்னால் 'ஒப்ரிகாது', பெண் சொன்னால் 'ஒப்ரிகாத'. எதிரில் நிற்பவர் யார் என்பது கணக்கில்லை, சொல்பவர்தான் கணக்கு. கடையில் சுற்றிலும் ஆண்கள். அவர்களைக் கேட்டே பழகி ஆறு மாதம் ஒப்ரிகாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடிதத்தின் கீழே கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்காமல் நன்றியை மொழிபெயர்க்காதீர்கள்.

அறிகுறி: லிஸ்பன்காரர் பாராட்டினார், பிரேசில்காரர் முகம் சுளித்தார்

இது பிழை இல்லை, விலாசம் மாறிப்போனது. பிரேசிலில் 20 கோடிக்கு மேல் மக்கள். போர்த்துகலில் சுமார் 1 கோடி. பேருந்து லிஸ்பனில் 'அவுதொகார்ரு', பிரேசிலில் 'ஓனிபுஸ்'. ரயில் 'கொம்போயு', அங்கே 'த்ரெய்ங்'. காலை உணவு லிஸ்பனில் 'சின்ன மதியச் சாப்பாடு', பிரேசிலில் 'காலைக் காபி'. இவையெல்லாம் அசௌகரியம், அவ்வளவுதான். 'ப்ரொபீன' வேறு ஜாதி: போர்த்துகலில் கல்லூரிக் கட்டணம், பிரேசிலில் லஞ்சம். மகனுக்குப் ப்ரொபீன கட்டிவிட்டேன் என்று பிரேசிலுக்கு எழுதினால் விசாரணை வரும். போர்த்துகலில் இளம்பெண்ணைக் குறிக்கும் 'ரபரீக' பிரேசிலின் பல பகுதிகளில் வசவு.

மருந்து: பேனாவைத் திறப்பதற்கு முன் யாருக்கு என்று கேளுங்கள். இயந்திர மொழிபெயர்ப்புகள், நாம் சொல்லாவிட்டால் பெரும்பாலும் பிரேசில் பக்கமே சாய்கின்றன.

அறிகுறி: ஒரு நாள் தள்ளி வந்து நிற்கிறார்கள், அல்லது மூட்டைக்குப் பதில் பொட்டலம் கேட்கிறார்கள்

கிழமைகளை அவர்கள் எண்ணிக்கையில் சொல்கிறார்கள். 'செகுந்த', இரண்டாவது, திங்கள். 'தெர்ஸ', மூன்றாவது, செவ்வாய். ஞாயிறை ஒன்று என்று வைத்த கணக்கு. வாரம் திங்களில் தொடங்குகிறது என்று ஆபீஸ் பழக்கத்தில் எண்ணினால் செகுந்த செவ்வாயாகிவிடும். ஞாயிறு, திங்கள் என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அதே வரிசையில் விரல் மடக்குங்கள்.

எண்ணில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும். 1,500 கிலோ புழுங்கலரிசி என்று இங்கிருந்து எழுதினால் அங்கே ஒன்றரைக் கிலோ. 1.500 என்று எழுதவேண்டும், பைசாவுக்குத்தான் காற்புள்ளி. புழுங்கலரிசிக்குப் பிரேசிலில் 'பர்பொயிலிசாது' என்று கேளுங்கள். தொலைபேசி எண்ணைப் பிரேசில்காரர் சொல்லும்போது நடுவில் 'மெய' என்றால் அரை என்று எழுதாதீர்கள். அரை டஜன், அதாவது 6.

அறிகுறி: "இது நம்ம வீட்டுச் சொல்லாச்சே" என்று தைரியமாகப் போட்டது தப்பாகிறது

இந்தக் கரையில் இந்த நம்பிக்கை வருவது நியாயம்தான். 1554இல் லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் போட்டுப் போர்த்துகீசோடு சேர்த்து ஒரு மறைக்கல்வி நூல் அச்சானது. நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் 1658இல் டச்சுக்காரரிடம் விடும்வரை இருந்தார்கள். 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்க், டேனிஷ்காரர் ஊரிலேயே போர்த்துகீசும் கற்கவேண்டியிருந்தது. கடற்கரை முழுக்க அதுதான் பேச்சு. பின்னால் போர்த்துகீசு விவிலியத்தின் பகுதிகளே தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சாகின. ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை, துவாலை, பொத்தான் எல்லாம் அந்த வழி வந்தவை; இவற்றைத் தைரியமாகத் திருப்பிக் கொடுக்கலாம், 'ஜனேல', 'ஷாவ்' என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மேஸ்திரிகூட 'மெஷ்த்ர' என்று கட்டட வேலையிலேயே இருக்கிறார்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். 'பேன' என்றால் இறகு. எழுதுவது இறகாக இருந்த காலத்தில் வந்து இங்கே தங்கிவிட்டது. அங்கே இப்போது 'கனேத'. கோப்பை 'கோபு'விலிருந்து வந்தது, அங்கே அது கண்ணாடித் தம்ளர். காபிக் கோப்பைக்கு லிஸ்பனில் 'ஷாவன', பிரேசிலில் 'ஷீக்கர'. இஸ்திரிக்குச் சொல் கொடுத்தது 'எஷ்திரார்', இழுத்து விரிப்பது. துணிக்கு இஸ்திரி போட அவர்கள் 'இரும்பால் கடத்துவார்கள்'.

ஊறுகாய்க்காரத் தம்பிக்கு அடுத்து வந்த சந்தேகம் இந்த வகைதான். ஊறுகாயை 'அச்சார்' என்று போடலாமா என்று கேட்டார். மாப்புட்டோவுக்கு அனுப்பினால் போடலாம், அங்கே மாங்காய் அச்சார் இல்லாத மேஜை குறைவு. போர்த்துகீசில் அதே எழுத்தில் ஒரு வினையும் இருக்கிறது: கண்டெடுப்பது, நினைப்பது. லிஸ்பன் கடை அலமாரியில் 'மாங்காய் நினைத்தல்' என்று நிற்கவேண்டாம் என்றேன். மாவடு என்ற பெயரை அப்படியே பெரிய எழுத்தில் விட்டு, கீழே 'உப்புநீரில் ஊறிய பச்சைச் சிறு மாங்காய்' என்பதை அவர்கள் மொழியில் ஒரு வரி எழுதினோம். உப்புநீர் 'சல்மோர'. அதற்குக் கீழே, கொன்செர்வான்த் இல்லை என்ற வரி. இந்தத் தடவை ஐம்பது லேபிள்தான் அடித்தார்.